போல்டு பட்டனுக்கு முன்னால் ஓர் ஏகாரம்

மும்பையில் தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழா அழைப்பிதழ் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். தாராவியோ மாட்டுங்காவோ செம்பூரோ முலுண்டோ, எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் சரி. ‘அனைவரும் வருக’ என்பது தடித்து, சாய்ந்து, அடிக்கோடும் வாங்கிச் சிவப்பாக நிற்கும். தலைமை தாங்குபவர் பெயர் போல்டு. முன்னிலை வகிக்கும் அத்தனை பேரும் போல்டு. சிறப்புரை ஆற்றுபவர் போல்டிலேயே இரண்டு பாயிண்ட் பெரிது. நாள், நேரம், இடம் மூன்றும் போல்டு. ‘நன்கொடைகள் வரவேற்கப்படுகின்றன’ என்பதற்கு இரட்டைக் கோடு. சாதாரண எழுத்தில் இருப்பது ஓரத்தில் உள்ள அச்சகத்தின் பெயர் மட்டும்தான். கண் நேரே அங்கேதான் போகிறது.

எனக்கு ஆவணம் எழுதுவதுதான் பிழைப்பு. அந்தேரியில் ஒரு நிறுவனத்தில் இயந்திரக் கையேடுகள் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க ஆங்கிலம். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் தமிழ்: எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தின் விழா மலர், நோட்டீஸ், ஆண்டறிக்கை எல்லாம் என் மடிக்கணினி வழியாகத்தான் அச்சுக்குப் போகின்றன. இரண்டு மொழியிலும் இதே வேலையைப் பார்ப்பதால் ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்துக்கென்று உருவான அழுத்தக் கருவிகளை அப்படியே தமிழில் இறக்கினால் பாதி வேலை செய்யாது; மீதி, எழுத்தையே கெடுக்கும். தமிழில் அழுத்தம் வாக்கியத்துக்குள்ளேயே கிடைக்கிறது. அது போதாத இடத்தில் மட்டும் எழுத்துருவைத் தேடிப் போனால் போதும்.

அந்தக் கருவிகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் இது புரியும். இட்டாலிக் எழுத்து வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளருக்காக ஃப்ரான்செஸ்கோ கிரிஃப்போ வெட்டிக் கொடுத்தது. 1501-இல் ஆல்டஸ் வெளியிட்ட வெர்ஜில் கவிதைத் தொகுப்பு முழுவதுமே இட்டாலிக்கில்தான் இருந்தது. யாரும் எதையும் அழுத்திச் சொல்ல வரவில்லை. அன்றைய கையெழுத்தைப் போன்ற ஓர் எழுத்து, கையடக்கப் புத்தகத்துக்கு வாகாக இருந்தது, அவ்வளவுதான். நேர் எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் சாய்த்துக் காட்டும் பழக்கம் அப்புறம் வந்தது. தடித்த எழுத்து இன்னும் புதிது. லண்டன் ஃபான் தெரு எழுத்து வார்ப்பகம் 1845-இல் வெளியிட்ட கிளாரெண்டன், சாதாரண எழுத்தோடு சேர்த்து வைத்துச் சில சொற்களைத் தூக்கிக் காட்ட உதவியது. அகராதிகளின் தலைச்சொற்களுக்கு ரொம்பவே பொருந்தியது.

அடிக்கோடு அச்சுக்கூடத்துப் பிள்ளையே அல்ல. கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டால், ‘இதை இட்டாலிக்கில் கோத்துவிடு’ என்று அச்சுக் கோப்பவருக்குச் சொல்வதாக அர்த்தம். டைப்ரைட்டர் வந்தபோது அதில் இருந்தது ஒரே கனம், ஒரே அளவு. அழுத்தம் வேண்டுமென்றால் பின்னால் தள்ளி அதன்மேலேயே இன்னொரு முறை அடிக்க வேண்டும், இல்லையென்றால் கோடு போட வேண்டும். ஊரில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறிய ஒரு தலைமுறை மாட்டுங்காவிலும் சயானிலும் இன்னும் இருக்கிறது. ஸ்டெனோவாக ஓய்வு பெற்ற மாமாக்கள். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளரும் அவர்களில் ஒருவர். கணினி வந்து இத்தனை காலம் ஆகியும் நோட்டீஸில் ‘பொருள்:’ என்று அடித்தால் அவர் கை தானாகக் கண்ட்ரோலுக்கும் யு-வுக்கும் போகும். ஆங்கிலத்தில் அது பழைய பாணி என்பதோடு போய்விடும். தமிழில் அப்படி விட முடியாது.

ஏன் என்று பார்க்க ஒரு சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் என்ன வித்தியாசம்? காலடியில் இழுக்கப்படும் அந்தச் சின்னச் சாய்கோடு மட்டும்தான். அடிக்கோடு சரியாக அந்த இடத்தில்தான் ஓடுகிறது. அடிக்கோடிட்ட ‘மரம்’ மங்கலான ஜெராக்ஸில் ‘மாம்’ என்று தெரியும். அதேபோல பு, பூ, சு, சூ, யு, யூ, வு, வூ. இந்தக் குறில் நெடில் வேறுபாடு முழுக்க வரிக்குக் கீழேதான் நடக்கிறது. சிறு கோடு இறங்கினால் குறில், அதோடு இன்னொரு வளைவு சேர்ந்தால் நெடில். கோட்டைக் குறுக்கே இழுத்துவிட்டு எது எது என்று கேட்டால் வாசகர் என்ன செய்வார்? ழ, ற, ஞ எல்லாம் கீழே இறங்கும் எழுத்துகள். அவற்றின் வாலையும் கோடு வெட்டும். இணைய உலாவிகள் இப்போது எழுத்து கீழிறங்கும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டு வரைகின்றன. தமிழில் அப்படிச் செய்தால் அது துண்டு துண்டான கோடாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, திரையில் கோடு போட்ட சொல் என்றால் இன்று எல்லோரும் இணைப்பு என்றே நினைத்து விரலால் தட்டுகிறார்கள். பிடிஎஃபில் ‘கட்டாயம்’ என்ற சொல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ‘திறக்கவே மாட்டேங்குதே’ என்று கேட்டவர்கள் எங்கள் மன்றத்திலேயே உண்டு.

சாய்வெழுத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். ஆங்கில இட்டாலிக்கில் எழுத்தின் வடிவமே மாறும். வெறுமனே சாய்த்தது அல்ல. லதா, விஜயா, நிர்மலா என்று விண்டோஸோடு வரும் தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது. நீங்கள் பட்டனை அழுத்தினால் மென்பொருள் இருக்கிற எழுத்தையே பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. வட்டங்கள் கோணலாகும், இகரச் சுழி அடுத்த எழுத்தின் தலைமேல் சாய்ந்துகொள்ளும். ஒரு வாழ்த்துச் செய்தி முழுவதையும் இப்படி அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், அழகாம். நூல் பெயருக்கும் பத்திரிகைப் பெயருக்கும் தமிழில் ஒற்றை மேற்கோள் போடும் வழக்கம் நன்றாகவே இருக்கிறது. அதுவே போதும்.

ஆனால் அதே மேற்கோளை அழுத்தத்துக்குப் பயன்படுத்துவது வேறு கதை. ‘சுத்தமான’ நெய் கிடைக்கும் என்று கடைப் பலகையில் மேற்கோள் போட்டு எழுதினால், எனக்கு நெய்யின் மேல்தான் சந்தேகம் வருகிறது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் ‘ஆல் கேப்ஸ்’ தொல்லை நமக்கு இல்லை என்று நினைத்தால், பாமினி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கிலம். ஆங்கிலச் சின்ன எழுத்தின் இடத்தில் ‘த’ இருக்கும், அதன் பெரிய எழுத்தின் இடத்தில் ‘து’ இருக்கும். ‘ம’ இருந்த இடத்தில் ‘மு’. தலைப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று யாராவது ஆல் கேப்ஸை அழுத்தினால் தமிழ் உகரமாகக் கொட்டும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும் வசதி வேறு இருக்கிறது. அதை அணைக்காமல் அடித்தவர்களுக்குத் தெரியும், ‘தலைவர்’ எப்படித் துலையத் தொடங்குவார் என்று.

ஆக, தமிழுக்கு உருப்படியாக மிஞ்சுவது போல்டு ஒன்றுதான். அதிலும் நிஜ போல்டு, போலி போல்டு என்று இரண்டு உண்டு. எழுத்துருவை வரைந்தவரே தடித்த வடிவத்தையும் தனியாக வரைந்திருந்தால் அது நிஜம். அப்படி ஒன்று இல்லாவிட்டால் மென்பொருள் இருக்கிற எழுத்தின் ஓரத்தில் மை பூசிக் கொடுக்கும். ண, ஞ, ஊ போன்றவற்றின் உள்ளே இருக்கும் சின்ன இடைவெளிகள் அடைந்துபோகும். பத்துப் பாயிண்டில், மட்டமான தாளில், ‘ண’வின் சுழிகளை எண்ணிப் பாருங்கள், முடிந்தால். லதாவுக்கும் நிர்மலாவுக்கும் நிஜ போல்டு இருக்கிறது. மும்பையிலேயே இயங்கும் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய முக்தா மலரில் ஏழு கனங்கள் இருக்கின்றன, இலவசம். எங்கள் ஊருக்கு அதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. இங்கே நோட்டீஸ் என்றால் மேலே மராத்தி, கீழே தமிழ், நடுவில் கொஞ்சம் ஆங்கிலம். முக்தாவின் தேவநாகரியும் முக்தா மலரின் தமிழும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டின் போல்டும் ஒரே கனத்தில் நிற்கும். மராத்தி கத்துவதும் தமிழ் முணுமுணுப்பதுமாக இருக்காது.

சரி, நிஜ போல்டு கிடைத்துவிட்டது. எங்கே போடுவது? செயலாளர் மாமா அனுப்பிய ஒரு நோட்டீஸ்: ‘தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் பணி நடைபெறவிருப்பதால் எதிர்வரும் சனிக்கிழமை அன்று காலை முதல் மாலை 6 மணி வரை தண்ணீர் விநியோகம் இருக்காது என்பதை உறுப்பினர்கள் அனைவருக்கும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இதில் சனிக்கிழமை, காலை, மாலை 6 மணி, தண்ணீர், இருக்காது, அனைவருக்கும் என்று ஆறு இடங்களில் போல்டும் கோடும். அவர் மேல் தப்பில்லை. வாக்கியம் நீளமாக இருக்கிறது, முக்கியமான சமாச்சாரம் நடுவில் புதைந்திருக்கிறது. தோண்டி எடுத்துக் காட்ட அவருக்குத் தெரிந்த கடப்பாரை போல்டு.

அதையே இப்படி எழுதலாம்: ‘சனிக்கிழமை பகல் முழுவதும் தண்ணீர் வராது. மாலை 6 மணிக்குத்தான் வரும். குழாய் பழுதுபார்க்கிறோம்.’ எந்தச் சொல்லையும் தடிமனாக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டால் ‘சனிக்கிழமை’ ஒன்றைப் போல்டு செய்துகொள்ளலாம், லிஃப்டுக்குள் ஒட்டியதை ஓடுகிற ஓட்டத்தில் பார்ப்பவர்களுக்காக.

அந்த ‘மணிக்குத்தான்’ என்பதில் இருக்கும் ‘தான்’ செய்கிற வேலையைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் வராது, பக்கெட்டோடு நிற்காதீர்கள் என்று அது ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. செயலாளர்தான் வந்தார், செயலாளரே வந்தார், செயலாளரும் வந்தார், செயலாளர்கூட வந்தார், செயலாளர் மட்டும் வந்தார். ஐந்தும் ஐந்து விதமான அழுத்தம். முதலாவதில் வேறு யாரும் இல்லை, அவர்தான். இரண்டாவதில் ஆளை அனுப்பாமல் தாமே வந்தார். நான்காவதைக் கேட்டால் செயலாளர் வழக்கமாக வரமாட்டார் என்பது வரை புரிகிறது. எந்த எழுத்துருவின் எந்தக் கனமும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டாது. போல்டுக்குத் தெரிந்ததெல்லாம் ‘இங்கே பார்’ என்ற ஒன்றுதான். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருளில் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. உறுதியாகச் சொல்வது ஒன்று, ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது மற்றொன்று. அழுத்தம் என்று நாம் போல்டிடம் கேட்பது இந்த இரண்டையும்தானே. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட விடாமல் எழுதிய காலத்தில் அழுத்தம் இருக்க வேறு இடமும் இல்லை.

இன்னொரு வழி வாக்கியத்தையே திருப்பிப் போடுவது. ‘கூட்டம் சனிக்கிழமை நடக்கும்’ என்பது தகவல். ‘கூட்டம் நடப்பது சனிக்கிழமை, ஞாயிறு அல்ல’ என்றால் நாள்தான் செய்தி. தேதி மாறியதை அறிவிக்க இந்த அமைப்பைப் போல வசதியானது எதுவும் இல்லை. மேடையில் பேசும்போது எல்லோரும் இதை இயல்பாகச் சொல்கிறார்கள். தட்டச்சு செய்ய உட்கார்ந்தவுடன் ‘நடைபெறவிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் போல்டு தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. துணைத்தலைப்பு, கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, கையேட்டில் வரும் எச்சரிக்கை. அதில் ஒரு சின்னக் கட்டுப்பாடு: தமிழில் விகுதியும் உருபும் சொல்லோடு ஒட்டியே வரும் என்பதால் முழுச் சொல்லையும் சேர்த்துத் தடிமனாக்க வேண்டும். ‘மார்ச்’ தடித்து ‘சுக்குள்’ மெலிந்து நின்றால் பார்க்கச் சகிக்காது. வேர்டில் சொல்லின் நடுவே கர்சரை வைத்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் கண்ட்ரோலும் பி-யும் அழுத்தினாலே முழுச் சொல்லும் தடிக்கும்.

ஆனால் அந்த பி பட்டனைவிட ஸ்டைல், அதாவது எழுத்தின் தோற்றத்தை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் வசதி, நல்லது என்பது என் கட்சி. எங்கள் மலரைப் பக்கம் கட்டுவது தாராவி தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய ஒரு டிடிபி கடையில். அங்கே ஆபரேட்டராக இருக்கும் பையன் திருநெல்வேலிக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஸ்டைல் போடச் சொன்னபோது சிரித்தான். “எதுக்குக்கா அதெல்லாம்? செலக்ட் பண்ணி போல்டு போட்டு கலர் குடுத்தா முடிஞ்சுது.” கொடுத்தான். மலர் முழுக்க வேலை முடிந்த பிறகு பொருளாளர் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, “சிவப்பு கண்ணைக் குத்துது தம்பி, மெரூன் போட்ருங்க” என்றார். துணைத்தலைப்புகளும் மெரூன், கட்டுரைகளுக்குள் வரும் போல்டு மட்டும் கறுப்பு வேண்டுமாம். அன்று ராத்திரி ஒவ்வொரு பக்கமாக எலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவன் பாதியில் எனக்கு ஃபோன் செய்தான். “அக்கா, அந்த ஸ்டைல் எங்க இருக்குன்னீங்க?”

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் எஃப் 11 அழுத்தினால் பக்கத்தில் ஸ்டைல் பட்டியல் திறக்கும். ‘எம்ஃபசிஸ்’, ‘ஸ்ட்ராங் எம்ஃபசிஸ்’ என்று இரண்டு எழுத்து ஸ்டைல்கள் தயாராக இருக்கும். வேர்டில் இரண்டாவதன் பெயர் வெறும் ‘ஸ்ட்ராங்’. முதலாவது வழக்கமாக இட்டாலிக்கில் வரும். தமிழ் ஆவணத்தில் அதன் சாய்வை எடுத்துவிட்டு நடுத்தரக் கனம் ஒன்றைக் கொடுத்துவிடலாம், முக்தா மலர் போன்ற குடும்பம் இருந்தால் இது சுலபம். சொல்லுக்கு ஸ்டைலைக் கொடுத்துவிட்டால், அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே கையால் போல்டு போட்ட பழைய கோப்பு என்றால், வேர்டின் தேடி மாற்றும் பெட்டியில் போல்டைத் தேடி ஸ்ட்ராங் ஸ்டைலாக மாற்றச் சொல்லலாம்.

தமிழுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது, தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த மென்பொருள்கள் ஒரே ஸ்டைலுக்குள் எழுத்துகளை வகை பிரித்து வைக்கின்றன: மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒரு எழுத்துருவும் கனமும், தமிழ், அரபி, தாய் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்குத் தனியாக ஒன்று. ஸ்டைலைத் திருத்தும்போது மேற்கத்திய பகுதியில் மட்டும் போல்டு போட்டுவிட்டு வந்தால் தமிழ் அசையாமல் அப்படியே இருக்கும். இல்லையென்றால், தமிழ் தடித்து, நடுவில் வரும் எண்கள் மட்டும் வேறு எழுத்துருவில் நோஞ்சானாக நிற்கும். ‘சந்தா ரூ. 1,500’ என்பதில் தடிக்க வேண்டியதே அந்த 1,500தான். இரண்டு பகுதிகளிலும் ஒரே எழுத்துருவையும் ஒரே கனத்தையும் கொடுத்துவிடுவதே வழி.

தலைப்பை வெறும் போல்டாக விடாமல் தலைப்பு ஸ்டைலில் போட இன்னும் வலுவான காரணம் உண்டு. எங்கள் மன்றத்தில் பார்வையற்ற ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். ஆண்டறிக்கையை என்விடிஏ திரைவாசிப்பானில் கேட்பார். திரைவாசிப்பான் சாதாரணமாகப் போல்டைச் சொல்லாது. அவருக்கு நம் தடித்த எழுத்தும் மெல்லிய எழுத்தும் ஒன்றுதான். ஆனால் தலைப்பு ஸ்டைல் இருந்தால் ஒரே விசையில் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவி வரவு செலவுக்கு நேரே போய்விடுவார். ‘மணிக்குத்தான்’ என்பதும் அவர் காதில் விழும். போல்டு விழாது.

நிறம் பற்றி ஒரு வரி போதும்: கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் சிவப்பு வெளிறும், மஞ்சள் ஹைலைட் அழுக்காகும். இணைய அணுகல் விதிமுறைகளும் நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதே என்றுதான் சொல்கின்றன.

அடுத்தவர் எழுத்தை மேற்கோள் காட்டும்போது அதில் நாம் போல்டு சேர்த்தால், சேர்த்தது நாம்தான் என்று சொல்லிவிட வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புகளில் இதை வழக்கமாக அடைப்புக்குள் குறிப்பிடுகிறார்கள். சங்கத் தகராறுகளில் யாரும் குறிப்பிடுவதில்லை. விதிமுறைப் புத்தகத்தின் ஒரு வரியை எடுத்து, தங்களுக்குச் சாதகமான சொல்லைத் தடிமனாக்கி வாட்சப் குழுவில் போடுவார்கள். படிப்பவர்கள் மூல விதியிலேயே அது அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். பாதிச் சண்டை அதிலிருந்துதான்.

மலரில் இன்னும் தீராமல் இருப்பது நன்கொடையாளர் பட்டியல். புரவலர் போல்டு என்றால் துணைப்புரவலர் ஏன் இல்லை என்பார். அவருக்கும் போட்டால் புரவலர், “அப்போ எனக்கு ரெண்டு பாயிண்ட் கூட்டுங்க” என்பார். கொடுத்த தொகைக்கும் எழுத்தின் கனத்துக்கும் கணக்கு வைத்து அட்டவணை போடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார், வேடிக்கைக்கு அல்ல. கடைசியில் எல்லாப் பெயரும் சாதாரண எழுத்தில், ஒரே அளவில், அகரவரிசையில் என்று தீர்மானம் ஆயிற்று. இனிஷியலை வைத்து அடுக்குவதா, பெயரை வைத்து அடுக்குவதா என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.